மயில் கழுத்து கலர் மை: ரீல்ஸ் பார்த்து மயங்கும் முன் எட்டு டெஸ்ட்!

ராத்திரி பதினோரு மணிக்கு ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும்போது உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஒரு கை, ஒரு காட்டன் பட்ஸ், ஒரு வெள்ளை அட்டை. மையில் முக்கிய பட்ஸை அட்டையில் ஒரே இழுப்பாக இழுப்பார்கள். நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு கலர் ஈரமாக மின்னும். காயக் காய, ஓரங்களில் லேசாகச் செம்பு மாதிரி சிவப்பு தட்டும். மொத்தமே பதினைந்து விநாடிதான். ஆனால், நீங்கள் அதை மூன்று தடவை பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கலருக்குப் பெயர் டீல். ஃபவுன்டன் பேனா மை தயாரிக்கிற கம்பெனிகளின் பட்டியலை எடுத்தால், அநேகமாக எல்லோரிடமும் இந்தக் குடும்பத்தில் ஒன்றாவது இருக்கும். கையெழுத்துக்குப் பதில் ஓ.டி.பி வந்துவிட்ட காலத்தில், ஒரு பாட்டில் மைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்க ஆள் இருக்காங்களா? இருக்காங்க. அதில் பாதிப் பேர் உங்கள் வயசுதான்னு சொன்னால் நீங்களே ஆச்சர்யப்பட மாட்டீர்கள்.

இன்னொரு பக்கம் ஒரு செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னருக்கெல்லாம் ஜி.எஸ்.டி பூஜ்யம். அந்த லிஸ்ட்டில் பேனாவும் இல்லை, மையும் இல்லை. ரெண்டும் 18 சதவிகிதத்திலேயே நிற்கின்றன. வரிக்கணக்கில் மை அத்தியாவசியப் பொருள் இல்லை. ரீல்ஸ் கணக்கில் அது கிட்டத்தட்ட நெயில் பாலிஷ். அப்போ மை பாட்டில் என்பது உண்மையில் என்ன? ஆடம்பரமா, ஸ்டேஷனரியா, ரீஃபில்லா? ஒரு டீல் மையை ஒழுங்காக டெஸ்ட் செய்து பார்த்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

நம்மகிட்ட ஏற்கெனவே பேர் இருக்கு!

டீல் என்பது முதலில் கலரின் பெயரே இல்லை. அது ஒரு சின்ன வாத்து. தமிழில் கிளுவை என்போம். குளிர்காலத்தில் நம் ஊர் ஏரிகளுக்கும் வலசை வரும். ஆண் பறவையின் கண்ணிலிருந்து கழுத்துப் பக்கம் ஓடும் பச்சைப் பட்டையைப் பார்த்துத்தான் கலருக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு கம்ப்யூட்டர்காரர்கள் அதற்கு #008080 என்று நம்பர் கொடுத்தார்கள். விண்டோஸ் 95 திறந்ததும் வெறுமையாக ஒரு ஸ்கிரீன் தெரியுமே, உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த கலர்தான்.

ஆனால், நம் வீட்டு அம்மாக்களிடம் இந்த கலரைக் காட்டினால் வாத்தையும் சொல்ல மாட்டார்கள், நம்பரையும் சொல்ல மாட்டார்கள். ‘மயில் கழுத்து கலர்’ என்பார்கள். ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை எடுக்கப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சுவாரஸ்யம் என்னவென்றால், ஜப்பான்காரர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பைலட் கம்பெனி 2007-ல் ‘இரோஷிசுக்கு’ என்று ஒரு மை வரிசையைக் கொண்டுவந்தது. ‘நிறத்துளி’ என்று அர்த்தம். அதில் இருக்கும் டீல் மையின் பெயர் ‘குஜாக்கு’. ஜப்பானிய மொழியில் மயில்! செய்லர் கம்பெனியின் டீல் மைக்குப் பெயர் ‘யாமாதோரி’. அதுவும் நீண்ட வால் கொண்ட ஒரு காட்டுக்கோழி இனம். வாத்து, மயில், காட்டுக்கோழி... இந்த கலருக்குப் பெயர் வைக்க வந்த எல்லோரும் பறவையைத்தான் தேடிப் போயிருக்கிறார்கள்.

அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். மயில் கழுத்தில் நீலச் சாயமும் கிடையாது, பச்சைச் சாயமும் கிடையாது. அந்த இறகை அரைத்துப் பொடியாக்கினால் பழுப்பாகத்தான் இருக்கும். இறகுக்குள் மெலனின் குச்சிகள் மிக நுணுக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போதுதான் அந்த நிறம் பிறக்கிறது. கோணம் மாறினால் நிறமும் மாறும். மயில் கழுத்துப் பட்டுப்புடவையில் நெசவாளர்கள் இதே வித்தையை வேறு வழியில் செய்கிறார்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொரு நிறம். மடிப்பு அசையும்போது ஒரு பக்கம் நீலம், இன்னொரு பக்கம் பச்சை.

நல்ல டீல் மை தருவதும் இந்த அனுபவத்தைத்தான். மை தேங்கிய இடத்தில் அடர்த்தியாகவும், நிப் வேகமாக ஓடிய இடத்தில் வெளிறியும் இருக்கும். இதை ‘ஷேடிங்’ என்கிறார்கள். மை அதிகமாகத் தேங்கிக் காயும்போது, சாயம் தாளுக்குள் இறங்காமல் மேலேயே மெல்லிய படலமாக நின்றுவிடும். அந்தப் படலம் வெளிச்சத்தைச் சிவப்பாகத் திருப்பி அனுப்பும். இது ‘ஷீன்’. ரீல்ஸில் நீங்கள் பார்த்த செம்புச் சிவப்பு இதுதான்.

உங்க ஸ்கிரீன் காட்டாத கலர்

இப்போ ஒரு சிக்கல். மாறிக்கொண்டே இருப்பதுதான் இந்த கலரின் அழகு என்றால், போன் ஸ்கிரீனில் பார்த்து அதை எப்படி வாங்குவது?

போன்களும் இணையதளங்களும் பெரும்பாலும் பின்பற்றும் வண்ண அளவுகோலுக்கு எஸ்.ஆர்.ஜி.பி என்று பெயர். மனிதக் கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறத்தையும் அதனால் காட்ட முடியாது. அது அதிகம் கோட்டைவிடும் இடங்களில் ஒன்று, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இருக்கும் அடர்த்தியான நிறங்கள். அதாவது, டீல் குடியிருக்கும் ஏரியா. போதாக்குறைக்கு, போன் கேமரா தானாகவே ‘ஒயிட் பேலன்ஸ்’ மாற்றும். ஒரே மை ஒரு வீடியோவில் நீலமாகவும், அடுத்த வீடியோவில் பச்சையாகவும் தெரியும். ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஸ்கிரீன்தான் தன்னால் முடிந்ததைக் காட்டுகிறது.

அதனால் முதல் பாடம் இதுதான். மற்ற கலர் மைகளைக்கூட ஓரளவு ஸ்கிரீனை நம்பி வாங்கலாம். டீலை எழுதிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. முழு பாட்டில் வேண்டாம், இரண்டு மூன்று மில்லி சாம்பிள் போதும். பேனா பைத்தியம் பிடித்த ஒரு நண்பராவது உங்கள் வட்டத்தில் இருப்பார். அவரிடம் ஒரு சின்ன டப்பாவை நீட்டுங்கள். சந்தோஷமாக ஊற்றித் தருவார். கூடவே ஒரு மணி நேரம் பேசுவார், அது தவிர்க்க முடியாதது.

சாம்பிள் கைக்கு வந்தாச்சா? வாங்க, டெஸ்ட்டை ஆரம்பிக்கலாம்.

எட்டு டெஸ்ட்

1. பட்ஸை விடுங்க, நிப்பால் எழுதுங்க. பட்ஸ் தடவும் மை, நிப் விடும் மையைவிடப் பல மடங்கு அதிகம். ரீல்ஸில் தெரியும் ஷீன் உங்கள் கையெழுத்தில் வருமா என்பது நிப்பைப் பொறுத்தது. ‘எஃப்’ என்ற மெல்லிய நிப்பில் ஷேடிங் பெரும்பாலும் காணாமல் போய்விடும், கலரும் இருட்டாகத் தெரியும். அதிலும் ஜப்பானிய ‘எஃப்’ நிப், ஐரோப்பிய ‘எஃப்’ நிப்பைவிட மெல்லியது. மீடியம் அல்லது பிராட் நிப் இருந்தால்தான் மயில் தோகை விரிக்கும். உங்களிடம் இருக்கும் பேனாவில், நீங்கள் வழக்கமாக எழுதும் வேகத்தில், ஒரு முழுப் பத்தி எழுதிப் பாருங்கள். பெயரை மட்டும் கிறுக்கிப் பார்ப்பது டெஸ்ட் இல்லை.

2. மூணு தாள். ஒன்று, நீங்கள் தினமும் எழுதும் கோடு போட்ட நோட்டு. ரெண்டு, ஜெராக்ஸ் கடை ஏ4 தாள். மூணு, கிடைத்தால் ‘டோமோய் ரிவர்’ மாதிரி மை உறிஞ்சாத வழுவழு தாள். மூன்றிலும் ஒரே வரியை எழுதுங்கள். ஏ4 தாளில் எழுத்தின் ஓரம் வேர் விட்ட மாதிரி பரவலாம், பின்பக்கம் ஊறலாம். சாயம் நாருக்குள் இறங்கிவிடுவதால் கலர் தட்டையாகத் தெரியும். வழுவழு தாளில் அதே மை உயிர் பெற்று எழுந்து நிற்கும். ரீல்ஸ்காரர்கள் எப்போதும் மூன்றாவது தாளைத்தான் காட்டுவார்கள். நீங்கள் எழுதப்போவது பெரும்பாலும் முதல் இரண்டில்தான். எந்தத் தாளில் மார்க் போடணும்னு இப்போ புரியுதுல்ல?

3. வாசலுக்குக் கொண்டுபோங்க. ஜவுளிக்கடையில் அம்மா என்ன செய்வார்? ‘கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க’ என்று புடவையை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்வார். மைக்கும் அதேதான். மஞ்சள் பல்பில் பார்த்தால் பச்சை தூக்கலாகத் தெரியும். வெள்ளை எல்.இ.டி-யில் நீலம் தூக்கும். பகல் வெளிச்சத்தில்தான் அதன் நிஜ முகம். நீங்கள் அதிகம் எழுதுவது எந்த வெளிச்சத்தில் என்று யோசியுங்கள். ராத்திரி டைரி எழுதுகிறவருக்கும், பகலில் வகுப்பில் நோட்ஸ் எடுப்பவருக்கும் ஒரே பாட்டில் ரெண்டு மையாகத் தெரியும்.

4. விரலால் தேய்ங்க. ஒரே வார்த்தையை ஐந்து தடவை எழுதுங்கள். 5, 10, 15, 20, 30 விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பாருங்கள். மை உறிஞ்சும் தாளில் சீக்கிரம் காய்ந்துவிடும். வழுவழு தாளில் அரை நிமிடம்கூட ஆகலாம். ஷீன் அதிகம் உள்ள மைகள் காய்ந்த பிறகும், வியர்வைக் கை பட்டால் இழுசும். சென்னை மே மாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இதுதான் முக்கியமான டெஸ்ட். எழுதிய வரி மேலேயே கை நகர்ந்து போவதால், இதில் தோற்ற மை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர்களுக்கு வேண்டாம்.

5. ஒரு சொட்டுத் தண்ணி. எழுதி ஒரு நாள் விட்டு, எழுத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து டிஷ்யூவால் ஒற்றுங்கள். வழக்கமான டீல் மைகள் தண்ணீரில் கரையும் சாயத்தால் ஆனவை. அதனால் எழுத்து கரைந்து ஓடுவது சகஜம். மங்கலான ஒரு கோடாவது மிச்சம் இருக்கிறதா, படிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. மழையில் நனையும் பையில் நோட்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை மறந்துவிட வேண்டாம்.

6. மையைப் பிரிச்சுப் பாருங்க. டிஷ்யூ பேப்பரையோ காபி ஃபில்டர் தாளையோ நீளத் துண்டாக வெட்டுங்கள். கீழ்நுனிக்கு மேலே ஒரு சொட்டு மை வைத்து, நுனி மட்டும் தண்ணீரில் படும்படி தொங்கவிடுங்கள். தண்ணீர் மேலே ஏற ஏற, கலர் தனித்தனியாகப் பிரியும். பல டீல் மைகளில் ஒரு நீலப் பட்டையும் ஒரு மஞ்சள் பட்டையும் தனியே தெரியும். ஸ்கூலில் படித்த குரோமட்டோகிராஃபிதான் இது, ஆனால் இப்போது மார்க்குக்காக இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் கலர் எதனால் ஆனது என்று உங்கள் கண்ணாலேயே பார்க்கிறீர்கள்.

7. ஜன்னலோரம் ரெண்டு வாரம். எழுதிய தாளில் பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து அட்டையை எடுத்துப் பாருங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் எவ்வளவு வித்தியாசம்? ஆறாவது டெஸ்ட்டில் பார்த்த சாயங்களில் ஒன்று மற்றதைவிடச் சீக்கிரம் வெளுத்தால், மயில் கழுத்து வெறும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறிவிடும். பாட்டிக்கு எழுதும் கடிதமோ, பத்து வருஷம் கழித்துப் படிக்கப்போகும் டைரியோ என்றால் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

8. மூணு நாள் தூங்க விடுங்க. பேனாவில் மை நிரப்பி, மூடி போட்டு, மூன்று நாள் தொடாதீர்கள். நான்காம் நாள் மூடியைத் திறந்ததும் முதல் கோட்டிலேயே எழுதுகிறதா, உதறினால்தான் எழுதுகிறதா? பிறகு பேனாவைச் சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள். சீக்கிரம் தெளிந்தால் நல்ல பிள்ளை. எவ்வளவு அலசினாலும் கலர் வந்துகொண்டே இருந்தால், அதிகச் சாயம் போட்ட மை. கண்ணாடி மாதிரி பேனா வைத்திருந்தால் கறை பிடிக்கலாம். மினுமினுப்புத் துகள் கலந்த மை என்றால் இன்னும் கவனம், அந்தத் துகள் நிப்புக்குள் அடைத்துக்கொள்ளும். ஓவியம் வரையும் ‘இந்தியன் இங்க்’கை மட்டும் ஃபவுன்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அது காய்ந்தால் பேனாவுக்கு அஞ்சலிதான்.

எட்டு டெஸ்ட்டில் எத்தனை கலரைப் பற்றியது என்று கவனித்தீர்களா? பாதிகூட இல்லை. மீதி எல்லாம் மையின் நடத்தை பற்றியது. ரீல்ஸ் உங்களுக்கு விற்பது கலரை. நீங்கள் தினமும் குடும்பம் நடத்தப்போவது நடத்தையோடு.

எங்கே எழுதலாம், எங்கே கூடாது?

‘பச்சை மையில் கெஜட்டட் ஆபீசர் மட்டும்தான் எழுதணும்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். டீலும் பச்சைக்குப் பக்கத்து வீடு என்பதால் பலருக்கு இந்தப் பயம் வரும். உங்கள் டைரியில் நீங்கள் எந்த மையில் எழுதினாலும் யாரும் கேட்க முடியாது. இருக்கும் விதி, அரசு அலுவலகக் கோப்புகளுக்கானது. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேட்டின்படி, கோப்புகளில் எழுத நீலம் அல்லது கறுப்பு மைதான். இணைச் செயலாளரும் அதற்கு மேற்பட்ட நிலையில் உள்ளவர்களும் மட்டும், அதுவும் அபூர்வமாக, பச்சையோ சிவப்போ பயன்படுத்தலாம்.

பரீட்சை வேறு விஷயம். நம் மாநிலப் பொதுத்தேர்வு வினாத்தாளிலேயே நீலம் அல்லது கருப்பு மை என்று அச்சடித்திருக்கும். ‘இதுவும் நீலம்தான் சார்’ என்று கண்காணிப்பாளரிடம் வாதாடும் இடம் பரீட்சை ஹால் இல்லை. டீலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

செக்? 2025 ஜனவரியில், ‘செக்கில் கறுப்பு மையில் எழுத ரிசர்வ் வங்கி தடை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றியது. மத்திய அரசின் பி.ஐ.பி அது பொய் என்று விளக்கியது. செக்குக்கு இன்ன கலர் மை என்று ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை. ஆனால், ஸ்கேன் செய்தால் தெளிவாகத் தெரிய வேண்டும், எளிதில் அழியக் கூடாது. ஐந்தாவது டெஸ்ட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரில் கரையும் மையால் பணத்தின் அளவை எழுதுவீர்களா?

ஆக, டீல் மைக்கு மிச்சம் இருக்கும் இடம் எது? வகுப்பு நோட்ஸ், டைரி, கடிதம், நோட்டில் போடும் பட்ஜெட், புத்தக ஓரக் குறிப்பு. யாரும் மார்க் போடாத, யாரும் சரிபார்க்காத எழுத்து. யோசித்துப் பார்த்தால், நமக்காக நாம் எழுதும் எழுத்து அது மட்டும்தான்.

பாட்டில் கணக்கு

இப்போ காசுக்கு வருவோம். 50 மில்லி குஜாக்கு, இங்கே ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கணக்குக்காக 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாதாரண கன்வெர்ட்டரில் சுமார் 0.8 மில்லி மை பிடிக்கும். அப்படியென்றால் ஒரு பாட்டிலில் அறுபது தடவைக்கு மேல் நிரப்பலாம். ஒரு தடவை நிரப்பினால் பதினைந்து பக்கம் எழுதலாம் என்று குறைவாகவே போடுங்கள். மொத்தம் 900 பக்கத்துக்கு மேல். பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று அதிகம்.

நம்மூர் கடைகளில் 60 மில்லி இந்திய மை, நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதே கணக்கில் போட்டால் பக்கத்துக்குப் பத்து பைசாகூட ஆகாது. டீல் என்று தனியாகக் கிடைக்காவிட்டால், ஒரே கம்பெனியின் டர்க்காய்ஸ் நீலத்தையும் பச்சையையும் சொட்டுச் சொட்டாகக் கலந்து பார்க்கலாம். சின்ன டப்பாவில் கலந்து, ஒரு நாள் முழுக்க வைத்துக் கவனியுங்கள். அடியில் வண்டல் படியாமல் இருந்தால் மட்டும் பேனாவில் ஏற்றுங்கள். குஜாக்குவின் ஷேடிங் அப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால், எட்டு டெஸ்ட்டில் நாலைந்தில் அது பாஸ் ஆனால் உங்கள் நோட்டுக்கு அது போதுமா இல்லையா என்று முடிவெடுக்க உங்களிடம் இப்போது ஆதாரம் இருக்கும்.

இந்திய மை என்றால் மட்டம் என்ற நினைப்பு தேவையில்லை. 1934-ல் சுதேசி இயக்கத்தின் சூட்டில் வங்காளத்தில் மைத்ரா சகோதரர்கள் தொடங்கியது சுலேகா மை. வெளிநாட்டு மையைத் தொடாமல் எழுத வேண்டும் என்பதுதான் நோக்கம். 1980-களின் கடைசியில் மூடப்பட்ட அந்த கம்பெனி, 2006-ல் மீண்டும் திறந்தது. 2020-ல் ஃபவுன்டன் பேனா மைகளைப் புது பாட்டிலில் கொண்டுவந்தது. பேனா பக்கம் பார்த்தால், ஆந்திராவில் ராஜமுந்திரியின் ரத்னம், நம் திருவள்ளூரின் ரங்கா என்று கையால் கடைந்து பேனா செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரங்காவின் எபொனைட் பேனாக்களை வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள்.

இனி, ஆரம்பத்தில் பார்த்த வரி விஷயம். 2022 ஜூலை 18 வரை எழுதும் மைக்கு ஜி.எஸ்.டி 12 சதவிகிதம்தான். அன்றிலிருந்து 18. அறுபது ரூபாய் மையில் இது ஒன்பது ரூபாய் சொச்சம். இதனால் யாரும் மை வாங்காமல் விடப்போவதில்லை, உண்மைதான். ஆனால், வரி விகிதம் ஒரு விஷயத்தைச் சொல்கிறது. தீர்ந்ததும் குப்பையில் போடும் பிளாஸ்டிக் பேனாவும், பேனாவைக் குப்பையில் போடாமல் வருஷக்கணக்கில் எழுத வைக்கும் மையும் அதன் பார்வையில் ஒன்றுதான்.

பிளாஸ்டிக் சட்டத்திலும் இதே கதை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றுக்குத் தடை வந்தது. பட்ஸ் குச்சி, பலூன் குச்சி, ஸ்ட்ரா, ஸ்பூன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பேனா இல்லை. பக்கத்துக் கேரளாவில், 2016-ல் தொடங்கிய ‘ஹரித கேரளம்’ இயக்கம், பள்ளிகளில் மறுபடியும் மைப் பேனாவைக் கொண்டுவரச் சொன்னது. அங்கே மைப் பேனா அழகுக்காக இல்லை, குப்பை குறைய வேண்டும் என்பதற்காக. நம் ஊரில் அந்தப் பேச்சு இன்னும் சூடு பிடிக்கவில்லை.

அதற்காக மை பாட்டில் வாங்கினாலே பூமி குளிர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி பாட்டில், அட்டைப் பெட்டி, விமானத்தில் வந்த தூரம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. மை பாட்டில் ரீஃபில் ஆவது, அதை நீங்கள் தீர்க்கும்போது மட்டும்தான். தீர்க்காத பாட்டில் ஷோகேஸ் பொம்மை.

இங்கேதான் ரீல்ஸ் உலகம் இடிக்கிறது. தினமும் ஒரு பக்கம் எழுதுபவருக்கு ஒரு 50 மில்லி பாட்டில் இரண்டரை வருஷம் வரும். பத்து பாட்டில் வாங்கி அடுக்கினால் இருபத்தைந்து வருஷம். உங்கள் குழந்தை காலேஜ் போகும்போதும் அந்த டீல் மிச்சம் இருக்கும். அதுவும் கெடாமல் இருந்தால்! மையிலும் பூஞ்சை பிடிக்கும். எழுதிய பேனாவை அப்படியே பாட்டிலில் முக்கினால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்குங்கள். ஆளுக்கு 10 மில்லி. சுத்தமான சிரிஞ்சில் பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 300 ரூபாயில், ஆறு மாதத்துக்கு மயில் கழுத்து கலர் உங்கள் நோட்டில் ஓடும். தீர்ந்த பிறகும் அதே மை வேண்டும் என்று தோன்றினால், அப்போது தனி பாட்டில் வாங்கலாம். ஒரு மையை நிஜமாகப் பிடித்திருக்கிறதா என்று சொல்ல, அதைத் தீர்த்துப் பார்ப்பதைவிட நம்பகமான வழி இல்லை.

ஒன்பதாவது டெஸ்ட்

எட்டு டெஸ்ட்டும் மைக்கு. ஒன்பதாவது உங்களுக்கு.

இன்று ராத்திரி, வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு பேனாவை எடுங்கள். ஐந்து ரூபாய்ப் பேனாவாக இருந்தாலும் பரவாயில்லை. ஏதாவது ஒரு பக்கம் எழுதுங்கள். இன்றைக்கு என்ன செலவு பண்ணினீர்கள், யார் மேல் கோபம், நாளைக்கு என்ன வேலை... எதுவானாலும் சரி. நாளைக்கும் ஒரு பக்கம். இப்படி ஏழு நாள்.

எட்டாம் நாள் அந்த நோட்டைத் திறந்து பாருங்கள். ஏழு பக்கமும் நிரம்பியிருந்தால், உங்களுக்கு மை தேவை. எந்த விலையில் என்பதை மேலே உள்ள கணக்கு சொல்லிவிடும். ரெண்டாவது நாளோடு நின்றுபோயிருந்தால், உங்களுக்குப் பிடித்தது மை இல்லை, அந்தப் பதினைந்து விநாடி வீடியோ. அதுவும் தப்பில்லை பாஸ். அதை ஃப்ரீயாகவே பார்க்கலாம்!